வாசற்படி இல்லாத பட்டணம்

சென்ற வாரம் வியாசர்பாடிக்குப் போகிற பஸ் ஒன்றில் ஏறினேன். பேசின் பிரிட்ஜ் அருகில் பஸ் நின்றது. சென்னையில் பஸ் நிற்பதற்குக் காரணம் வேண்டியதில்லை, நின்றது, அவ்வளவுதான். கீழே கன்னங்கரேலென்று தண்ணீர். அசைவே இல்லை. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல மூக்கைப் பொத்திக் கொண்டார்கள். எனக்கு முன் ஸீட்டில் இருந்த ஐந்து வயதுப் பையன் மட்டும் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, "யம்மா, இது ஆறாம்மா?" என்று கேட்டான்.

"கம்முனு உக்காரு. அது சாக்கடை" என்றாள் தாய்.

அந்த அம்மாளை நான் குறை சொல்லமாட்டேன். மூக்கைப் பொத்திக் கொண்டவர்களில் நானும் ஒருவன்தான். ஆனால் அது ஆறும் அல்ல, சாக்கடையும் அல்ல. ஒரு காலத்தில் அது ஒரு துறை. பாய்மரப் படகுகள் வரிசையாக வந்து நின்ற இடம். பேசின் பிரிட்ஜ் என்று தினமும் சொல்கிறோமே, அந்த 'பேசின்' என்பது படகுகள் நிற்பதற்காக வெட்டிய நீர்த்தேக்கந்தான்.

பஸ் புறப்படுவதற்குள் எனக்கு ஒரு விசித்திரமான சந்தேகம் எழுந்தது. கடலோரமாகவே பாய்மரப் படகில் பிரயாணம் செய்துகொண்டு வருகிற ஒருவர், சென்னையைப் பார்த்துவிட்டு, "சரி, இங்கே இரண்டு நாள் தங்கலாம்" என்று நினைத்தால், படகை எங்கே கட்டுவார்?

வாருங்கள், நாமே வந்து பார்த்துவிடலாம். மூன்று தடவை வருவோம். டிக்கெட் செலவு கிடையாது. ஆனால் ஏமாற்றத்துக்கு மட்டும் தயாராக இருங்கள்.

முதல் வருகை

வருஷம் ஏறக்குறைய 1800 என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் சீமையிலிருந்து பாய்க்கப்பலில் வருகிறீர்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐந்தாறு மாதக் கடல் பிரயாணம். உப்புக் கண்டமும் புழு வைத்த ரொட்டியும் தின்று நாக்குச் செத்துவிட்டது. ஒருநாள் காலையில், "அதோ மதராஸ்!" என்று குரல் எழுகிறது. ஓடி வந்து பார்க்கிறீர்கள். கரையில் வெள்ளை வெளேரென்று தூண் வைத்த மாளிகைகள், கோட்டை, கொடிமரம். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்கள் சலவைக்கல்லைப் போல வெயிலில் மின்னுகின்றன.

கப்பல் நங்கூரம் போடுகிறது. எங்கே? கரைக்கு வெகு தூரத்தில், நடுக்கடலில்!

ஏனென்றால் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. 1639-ஆம் வருஷம் பிரான்சிஸ் டே என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் நாயக்கரிடமிருந்து இந்த மணல் திட்டுக்கு அனுமதி வாங்கியபோது, இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பதைப் பார்த்தார். கப்பல் நிற்க இடம் இருக்கிறதா என்பதை அவ்வளவாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. குடா இல்லை, ஆழமான ஆற்று முகத்துவாரம் இல்லை. திறந்த கடல், அதன் முன்னே ஓயாமல் மடிந்து விழும் அலை. பெரிய மாளிகையைக் கட்டி, வாசற்படி வைக்க மறந்துவிட்ட கதைதான்.

இந்த அலையில் கப்பலின் சொந்தப் படகை இறக்கினால் சுக்கு நூறாகிவிடும். ஆகவே கரையிலிருந்து நம்மவர்கள் வரவேண்டும். அவர்கள் கொண்டு வருவது மசூலாப் படகு. 'சலங்கு' என்றும் சொல்வார்கள். அதில் ஓர் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆமாம், நாம் துணி தைக்கிறோமே, அதைப் போலத்தான். ஆணியடித்த படகு மணலில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். குடும்ப வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு இந்த சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கப்பல் ஆடுகிறது, படகு ஆடுகிறது. இரண்டும் நெருங்குகிற நொடியில் குதிக்க வேண்டும். துரைசானிகளை நாற்காலியில் வைத்துக் கயிறு கட்டி இறக்குவதும் உண்டு. பிறகு ஒவ்வோர் அலையாகக் காத்திருந்து, பாட்டுப் பாடித் துடுப்புப் போட்டு, கடைசி அலையின் முதுகில் ஏறிக் கரையில் வந்து விழுவார்கள். படகுக்குத் துணையாகக் கட்டுமரங்களும் வரும், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்கு. அப்படி உயிர் காத்தவர்களுக்குப் பதக்கங்கள் கொடுத்திருக்கிறார்கள். கட்டுமரக்காரர்கள் ஓலையால் முடைந்த கூர்மையான குல்லாய் போட்டுக்கொண்டு, அதற்குள் கடிதங்களை நனையாமல் செருகிக் கப்பலுக்குக் கொண்டு போவார்கள். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் வெளியிட்ட தம் பிரயாணப் புத்தகத்தில் இந்தக் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். இன்றைக்கு உலகமெங்கும் 'காட்டமரான்' என்று சொல்கிறார்களே, அது நம் சொல்தான்.

இவ்வளவும் முடிந்து, உடையெல்லாம் நனைந்து, படகுக்காரர் தோளில் உட்கார்ந்து கரை சேர்கிற பிரயாணியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். பலர் தங்கள் ஏமாற்றத்தைக் கடிதங்களிலும் நூல்களிலும் கொட்டித் தீர்த்திருக்கிறார்கள். படகுக்காரர்கள் அலைக்கு நடுவே நிறுத்திக்கொண்டு கூடுதல் கூலி கேட்டார்கள் என்பது அவர்களுடைய இன்னொரு புகார். கேட்டிருப்பார்கள். அந்த அலையில் தினமும் உயிரைப் பணயம் வைக்கிறவனுக்கு என்ன கூலி தகும் என்று எந்தத் துரையும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் இந்தத் துறையும் கிடையாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கப்பல்கள் இந்தப் பக்கம் தங்க அஞ்சும். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அடுத்த மாதமே அடித்த புயலில் இங்கே நின்ற கப்பல்கள் பலவற்றைப் பறிகொடுத்தார். கோட்டையை ஜயித்தவரைக் கடல் ஜயித்துவிட்டது!

கிழக்கு வாசல் ஆகிவரவில்லை

வாசற்படி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றிற்று. பின்னாளில் வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாகப் புகழ் பெற்ற வாரன் ஹேஸ்டிங்ஸ், 1770-ஐ ஒட்டிச் சென்னையில் உத்தியோகம் பார்த்தபோதே கடலுக்குள் ஒரு பாலம் போடலாம் என்று யோசனை சொன்னார். யோசனையை நிறைவேற்ற ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் பிடித்தது! சர்க்கார் காரியம் அந்தக் காலத்திலும் அப்படித்தான். 1861-இல் இரும்புக் கால்கள் நிறுத்தி, ஆயிரம் அடிக்கு மேல் நீளமாகப் பாலம் கட்டினார்கள். 1868-லும் 1872-லும் வந்த புயல்கள் அதைப் பதம் பார்த்துவிட்டன.

பிறகு பெரிய திட்டம் போட்டார்கள். இரண்டு கைகளை நீட்டிக் கடலை அணைத்துக் கொள்வதுபோல இரண்டு பெரிய கற்சுவர்கள். நடுவே கிழக்குப் பார்த்த வாசல். 1875 டிசம்பரில், பின்னால் ஏழாம் எட்வர்டு சக்கரவர்த்தியான வேல்ஸ் இளவரசர் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். வேலை முடிகிற தறுவாயில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்தது. சுவர்களில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் கட்டினார்கள். நம் வீடுகளுக்குக் கிழக்கு வாசல் விசேஷம் என்பார்கள். ஹார்பருக்கு அது ஆகிவரவில்லை. அலை நேரே உள்ளே புகுந்தது, மணலும் சேர்ந்தது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் திறந்த பிறகே சென்னைத் துறைமுகம் உருப்படியாயிற்று.

அன்று முதல் பிரயாணிகள் நனையாமல் இறங்கினார்கள். ஏமாற்றம் தீர்ந்தது. ஆனால் ஓர் ஏமாற்றம் தீர்ந்தபோது, இன்னோர் இடத்தில் வேறொன்று பிறந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பந்தியில் நடுவே நின்றவர்

நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. அலை அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. வருஷத்தில் சில மாதம் தெற்கே தள்ளினாலும், மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல்தான் அதிகம். கல்யாணப் பந்தியில் ஒருவர் சோற்றுக் கூடையுடன் வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போவதுபோல, அலை ஒவ்வொரு குப்பத்துக்கும் மணலைப் போட்டுக்கொண்டே போகிறது. ஒரு குப்பத்திலிருந்து எடுக்கும். ஆனால் எடுத்ததற்குப் பதில் வைத்துவிடும்.

பரிமாறுகிறவர் பந்தியின் நடுவே ஒரு தூணில் இடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இலையில் சோறு மலையாகக் குவியும். அந்தப் பக்கத்து இலைகள் காலி.

ஹார்பரின் கற்சுவர்தான் அந்தத் தூண். தெற்கே மணல் குவிந்தது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுவதற்குப் பாதை அமைத்து 'மெரீனா' என்று பெயர் வைத்தாரே, அந்தக் கடற்கரை வருஷத்துக்கு வருஷம் அகலமாயிற்று. இன்று நாம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ச் சுண்டல் வாங்கித் தருகிற அந்த விசாலமான மணல்வெளி, பெரும்பாலும் ஹார்பர் கொடுத்த சீதனம்.

வடக்கே? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அங்கே வரவு நின்றுவிட்டது; செலவு நிற்கவில்லை. அலை பழைய வழக்கப்படி மணலை எடுத்துக்கொண்டே இருந்தது. பதிலுக்கு வைக்க ஒன்றுமில்லை. கடல் உள்ளே வந்தது. வலை காயப்போட்ட மணல் போயிற்று. கருவாடு உலர்த்திய மணல் போயிற்று. கட்டுமரத்தை இழுத்துப் போடுகிற இடம் போயிற்று. பிறகு வீடுகளும் தெருக்களும் போயின. தடுப்பதற்குக் கருங்கல்லைக் கொட்டினார்கள். இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால், ஒரு பக்கம் கண்டெயினர் லாரிகள், மறுபக்கம் கருங்கல் குவியல், அதற்கு அப்பால் கடல் தெரியும். மணல் எங்கே என்று தேட வேண்டும். இப்படிப்பட்ட கரையில் மீன் கூடையை இறக்கிவைக்க ஒரு பெண்ணுக்கு இடமில்லை.

இதில் மனத்தை வருத்துகிற விஷயம் ஒன்று. ஹார்பர் இல்லாத இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பிரயாணிகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்தவர்கள் யார்? இந்தப் படகோட்டிக் குடும்பங்கள்தாம். ராயபுரத்தில் இராயப்பர் கோயிலை எழுப்பியவர்களும் படகோட்டிகளே. இராயப்பர் என்பது புனித பேதுருவின் தமிழ்ப் பெயர், அவரும் மீனவர். பட்டணத்துக்கு வாசற்படியாக இருந்தவர்கள் இவர்கள். கல்லால் வாசற்படி கட்டியதும் இவர்களுடைய தொழிலும் போயிற்று, காலடி மணலும் போயிற்று.

இரண்டாவது வருகை

இப்போது நூறு வருஷம் தாண்டி, 1900 வாக்கில் வருவோம். இந்தத் தடவை கடல் வழி வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து கால்வாய்ப் படகில் வருகிறோம்.

இந்தக் கால்வாயில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையிலுள்ள 11 மைலை முதலில் வெட்டியவர் பாசில் காக்ரேன் என்ற வியாபாரி. 1806-இல் அது திறக்கப்பட்டது. பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்டு இரண்டு திசையிலும் நீட்டியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கூட்டங் கூட்டமாகச் செத்தபோது, நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே கால்வாய் வெட்டி இணைத்தார்கள். பசித்தவர்கள் ஒரு வேளைக் கஞ்சிக்காக வெட்டிய கால்வாய்க்கு, அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. ஆந்திரத்துப் பெத்த கஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை மொத்தம் 420 கிலோ மீட்டர்.

படகில் பாய் விரித்திருக்கிறது. காற்று நின்றால் கழி ஊன்றுவார்கள். அதுவும் போதாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எண்ணூர் உப்பளங்கள் வெள்ளையாகப் பின்னே போகின்றன. அலை இல்லை, குமட்டல் இல்லை. ராத்திரி படுத்துத் தூங்கலாம். காலையில் வியாசர்பாடிக்குக் கிழக்கே பேசினில் வந்து சேர்ந்து, "பட்டணம் வந்துவிட்டதா?" என்று ஆவலாக எழுந்து பார்த்தால், எதிரே விறகுத் தொட்டி!

ஏமாற்றந்தான். மாளிகையும் கொடிமரமும் தேடி வந்தவன் முன்னால் சவுக்குக் கட்டை அடுக்கு, கிளிஞ்சல் குவியல், உப்பு மூட்டை, கருவாட்டுக் கூடை. ஆனால் வீட்டு நிர்வாகம் தெரிந்த பெண்மணிகள் இதைப் பார்த்து ஏமாறமாட்டீர்கள். எந்த வீட்டிலும் விருந்தாளி வருவது முன்வாசலில். விறகும் அரிசியும் வருவது கொல்லை வாசலில். முன்வாசல் ஒரு நாள் அடைத்திருந்தால் கௌரவம் குறையும். கொல்லை வாசல் ஒரு நாள் அடைத்திருந்தால் அடுப்பு எரியாது.

சென்னையின் கொல்லை வாசல் இதுதான். நம் பாட்டிமார் அடுப்பில் எரிந்த விறகில் எவ்வளவோ இந்த வழியாக வந்தது. குழம்பில் கரைந்த உப்பு வந்தது. அந்த உப்பைச் சேர்த்து வைத்த கிடங்குகளின் பெயரைத்தான் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ரயில்வே கூட்ஸ் நிலையம் இன்னும் தாங்கிக் கொண்டிருக்கிறது. இந்தப் படகுகளில் வந்த கிளிஞ்சலைச் சுட்டு அரைத்த சுண்ணாம்புதான் மாளிகைச் சுவர்களில் மின்னிற்று. முன்வாசலில் வருகிறவர் வியந்த வெள்ளைக்கு மூலப்பொருள் வந்தது கொல்லை வாசல் வழியாக!

நகரத்துக்குத் தெற்கேயும் இப்படித்தான் படகுகள் போய்வந்தன. பாரதிதாசன் நண்பர்களுடன் படகில் மாவலிபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாகவே எழுதியிருக்கிறார்.

பிறகு ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1965, 1966 புயல்களும் 1976 புயலும் கால்வாயைத் தூர்த்தன. நகரம் தன் கழிவை அதில் திறந்துவிட்டது. தெற்கே பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே ஊன்றினார்கள். 2004-ஆம் வருஷம் சுனாமி வந்தபோது, பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் அலையை வாங்கிக்கொண்டு அக்கரை ஜனங்களைக் காப்பாற்றியது. 2008-இல் இதைத் தேசிய நீர்வழியில் சேர்த்து அறிவித்தார்கள். பெயர் பெரிதாயிற்று, தண்ணீர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

மூன்றாவது வருகை

கடைசியாக, இன்றைக்கு வருவோம். அதே பழவேற்காட்டிலிருந்து ஒரு சிறு பாய்மரப் படகில், கடல் வழியாகத் தெற்கு நோக்கி.

முதலில் காட்டுப்பள்ளித் துறைமுகம். அடுத்து 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். இரண்டும் மலை போன்ற கப்பல்களுக்கு. நம் படகு அங்கே யானைக் கொட்டிலில் நுழைந்த பூனைக்குட்டி. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் வரவேற்கின்றன. அங்கே சாம்பல் படிந்து ஆழம் குறைந்த கழிமுகத்தில் இன்னமும் இறால் தேடுகிறவர்கள் உண்டு. திருவொற்றியூரில் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது; விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. அதையும் தாண்டினால் சென்னைத் துறைமுகம். உள்ளே 1911-இல் அதே ஸ்பிரிங் துரை ஆரம்பித்து வைத்த பாய்ப்படகுச் சங்கத்துக்கு ஒரு மூலை உண்டு. மற்றப்படி சுங்கம், குடிவரவு, காவல், அனுமதிச் சீட்டு. "வந்தேன், கட்டினேன், இறங்கி ஒரு காபி சாப்பிட்டேன்" என்று சொல்ல ஒரு பொதுப் படித்துறை இந்தப் பெரிய கடற்கரைப் பட்டணத்தில் இல்லை.

அதுவும் ஏமாற்றந்தான். ஆனால் பாய்ப்படகுக்காரர் பாடு பெரிதல்ல. அவர் பாயைத் திருப்பிக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் போய்விடுவார். திரும்பிப் போக வேறு இடம் இல்லாதவர்கள் வட சென்னையில் இருக்கிறார்கள். பட்டணத்துக்கு வேண்டிய துறைமுகம், மின்சாரம், எண்ணெய் எல்லாம் அவர்கள் வாசலில்தான் வந்து உட்கார்ந்தன. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியால் அந்தக் கறுப்பை மொண்டு எடுத்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அது எந்தக் கரை? ஹார்பருக்கு வடக்கே, இலை காலியான அதே பந்திதான்.

கால்வாயைச் சுத்தம் செய்யும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன; வரவேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் அகற்றப்படுவது கழிவுக் குழாய் அல்ல, கரையோரத்துக் குடிசை. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ பிறந்து, பக்கத்துத் தெருக்களில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை நகரத்தின் தென்கோடியில் கொண்டுபோய்க் குடிவைத்தால், அவள் வேலைக்கு எப்படி வருவாள்? வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் குப்பை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். கொல்லையில் பாத்திரம் தேய்க்கிறவளை வெளியே அனுப்புவது சுத்தம் ஆகாது.

அன்று பஸ் நகர்ந்தபோது பையன் அந்தத் தண்ணீரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், எனக்குச் சங்கோசமாகிவிட்டது. அடுத்த தடவை நீங்கள் பேசின் பாலத்தைத் தாண்டும்போது உங்கள் பிள்ளையோ பேத்தியோ, "இது ஆறா?" என்று கேட்டால், தயவு செய்து சாக்கடை என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "இதில் படகு வந்ததடா கண்ணு. உன் கொள்ளுப் பாட்டி அடுப்புக்கு விறகு வந்தது. சுத்தம் பண்ணினால் மறுபடி வரும்" என்று சொல்லுங்கள்.

மூக்கை வேண்டுமானால் பொத்திக் கொண்டே சொல்லலாம்.